ஆறாம் சிலிண்டர் போல்ட்

நாமக்கல் சேலம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட லாரிப் பட்டறை ஒன்றில் 1986-ல் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றிருந்தது. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது, அதற்கு அடுத்தபடியாக அண்ணன் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை, இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விடுவது. பட்டறைக்காரரைப் பெரியவர் சின்னவர் என்றில்லாமல் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

சாயங்காலம் வண்டி வந்து நிற்கும். இன்ஜின் ஆறினதும் பழைய ஆயில் கேனில் மண்ணெண்ணெயும் கொஞ்சம் டீசலும் கலந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு, ஆகப் பன்னிரண்டு. ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை. முதல் நாள் நான் போல்ட்டின் தலைமேலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் கேனை வாங்கிக்கொண்டார். "தலையில ஊத்தி என்ன பண்றது கண்ணு? கழுத்துல விடு. மரைக்குள்ள எறங்கோணும்" என்றார். போல்ட்டின் கழுத்தில் விட்டு, சின்னச் சுத்தியலால் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொன்னார். எண்ணெய்க்கோடு இரும்புக்குள் மெல்ல மறைவதை டார்ச் வெளிச்சத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேனிஃபோல்ட் கேஸ் வெளியேறும் வண்டியைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால் டேப்பட் தட்டுவது போலவே டிக் டிக் என்று கேட்கும். சூடேறினால் இரும்பு விரிந்து சந்து அடைத்துக்கொள்ளும், சத்தம் அமுங்கிவிடும். இதை டேப்பட் என்றே நினைத்து மாதக்கணக்கில் டேப்பட்டை அட்ஜஸ்ட் செய்தவர்கள் உண்டு. ஹெட்டும் மேனிஃபோல்டும் சேருமிடத்தில், பேக்கிங் ஓரமாக மை தீற்றினாற்போல் கரி படிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். அன்றைய லாரிகளில் பலவற்றில் இன்ஜினின் பாதி கேபினுக்குள்ளேயே இருந்தது. இன்ஜின் மூடிமேல்தான் கிளீனர் படுத்துத் தூங்குவார். "தொப்பூர் ஏத்தம் ஏறி முடிக்கறதுக்குள்ள கண்ணு எரியுதுங்கண்ணா, தலை கிண்ணுனு வலிக்குது" என்று டிரைவர் வந்து சொன்னால், அண்ணன் இன்ஜின் மூடியைத் திறக்குமுன்பே எந்தச் சைஸ் ஸ்பேனர் வேண்டும் என்று சொல்லிவிடுவார். அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்தவர்களின் முகம் இன்னமும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு போல்ட் உடைவதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

ஏன் உடைகிறது என்பதை அண்ணன் கணக்காகச் சொன்னதில்லை. "ஓரத்து போல்ட்டுதான் உசுர விடும்" என்று மட்டும் சொல்வார். பின்னாளில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேனிஃபோல்ட் முக்கால் மீட்டர் நீள வார்ப்பிரும்பு. முழு லோடோடு மலை ஏறும்போது அது ஐந்நூறு டிகிரியைத் தொடும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்புதான். ஆனால் அதற்குள் தண்ணீர் ஓடுவதால் நூறு டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். ஒன்று மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும்போது மற்றது அரை மில்லிமீட்டர்தான் நீளும். நடு போல்ட்டுகளுக்கு இது தெரியாது. ஒன்றாம் சிலிண்டரின் முன் போல்ட்டும் ஆறாம் சிலிண்டரின் பின் போல்ட்டும்தான் இந்த இழுபறியை முழுக்க வாங்கிக்கொள்ளும். ஏற்றத்தில் ஒரு பக்கம் வளையும், இறக்கத்தில் ஆறும்போது திரும்ப நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பது மாதிரிதான். பெரிய இன்ஜின்களில் மேனிஃபோல்டை இரண்டு மூன்று துண்டாகச் செய்து ஒன்றுக்குள் ஒன்று நழுவும்படி வைப்பது இதற்காகத்தான்.

நான் உடைத்த முதல் போல்ட்டும் ஆறாம் சிலிண்டரின் பின் போல்ட்தான். 1988, ஆடி மாதம். முட்டை லோடு ஏற்ற வேண்டிய வண்டி. டிரைவர் அவசரப்பட்டார். அண்ணன் ஊரில் இல்லை. பதினோரு போல்ட் கழன்றுவிட்டது, பன்னிரண்டாவது அசையவில்லை. ரிங் ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் செருகி இழுத்தேன்.

துருவில் பிடித்த போல்ட் விட்டுக்கொடுக்கும்போது கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். அது நல்ல சத்தம். அந்த இடத்தில் நிறுத்தி, வந்த அளவுக்குத் திரும்ப முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டும். இப்படி முன்னும் பின்னுமாகக் கால் மணி நேரம் போனால் போல்ட் தானாக வெளியே வந்துவிடும். உடையப் போகிற போல்ட் சத்தமே போடாது. கைக்கு மெத்தென்று, ரப்பர் குழாயை முறுக்குவது போல இருக்கும். கழல்கிறது என்று மனசு நம்பும். உண்மையில் போல்ட்டின் தலை மட்டும் திரும்பிக்கொண்டிருக்கும், உடம்பு மரைக்குள் அப்படியே நிற்கும். அன்றைக்கு அந்த மெத்தென்ற இடத்தில் என் கை நிற்கவில்லை. டப்பென்று தலை கையோடு வந்தது. மிச்சம் ஹெட்டின் முகத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் உள்ளே.

அதோடு விட்டிருக்கலாம். டிரில் போட்டேன். உடைந்த முகம் சாய்வாக இருந்ததால் சென்டர் பஞ்ச் ஓரமாக நழுவியது. டிரில் பிட்டும் ஓரமாகவே இறங்கியது. அதில், உடைந்த கட்டையைக் கழற்றி எடுக்கும் ஈஸி அவுட்டை அடித்துத் திருப்பினேன், அதுவும் உள்ளேயே உடைந்தது. ஈஸி அவுட் நன்றாகப் பதமேற்றிய எஃகு. நம்மிடம் இருக்கிற எந்த டிரில் பிட்டும் அதைக் கீறக்கூடச் செய்யாது. மறுநாள் அண்ணன் வந்து பார்த்தார். ஹெட்டை இறக்கி, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அந்த ஓட்டையையே பெரிதாகக் கடைந்து, புஷ் இறக்கி, புது மரை வெட்டி வண்டி கிளம்ப ஐந்து நாள் ஆயிற்று.

அண்ணன் என்னை அடிக்கவில்லை, லேத் கூலியைச் சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. மேசைமேல் கிடந்த ஹெட்டின் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். "போல்ட்டு போனா கடையில வாங்கிக்கலாம் சாமி. ஓட்டை போனா எங்க போயி வாங்குவ?" என்றார்.

அடுத்த முறை உடைந்தபோது டிரில்லை எடுக்க அவர் விடவில்லை. எங்களுக்கு அடுத்த கொட்டகையே லாரி பாடி கட்டும் பட்டறை. நாமக்கல்லில் வெல்டருக்குப் பஞ்சமில்லை. வந்த வெல்டர் 12 கேஜ் ராடு எடுத்தார். உடைந்த கட்டையின் நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்தார், கசடைக் கொத்தி எடுத்துவிட்டு அதன்மேல் இன்னொரு பொட்டு. இப்படியே முகத்துக்கு வெளியே வரும்வரை உயர்த்தினார். பக்கத்து மரையில் ஒட்டிக்கொள்ளாதா என்று எனக்குப் பயம். உருகிய ராட்டின் கசடு ஓரமாக ஒதுங்கி மரையை மூடிக் காத்துவிடும், வார்ப்பிரும்பும் லேசில் ஒட்டாது என்றார். பிறகு ஒரு வாஷர், அதன்மேல் ஒரு நட், நட்டின் ஓட்டை நிறைய வெல்டிங். உடனே திருப்பவில்லை. சிவப்பு அடங்கும்வரை பொறுத்து, மெழுகுவத்தியைக் கட்டையின் ஓரத்தில் தொட்டார். மெழுகு உருகி, புகைந்து, மரைக்குள் சரசரவென்று உறிஞ்சிக்கொண்டு போயிற்று. கட்டை சூட்டில் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் இரும்பு விடாது. ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் துருவின் பிடி விட்டுப்போகிறது. அந்த நேரம் பார்த்து மெழுகு உள்ளே போகிறது. ஸ்பேனர் போட்டார். கிரீச். நான் மூச்சே விடவில்லை. முன்னே, பின்னே, முன்னே. ஐந்து நிமிடத்தில் கட்டை அவர் கையுறையில் கிடந்தது. ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன், மரை ஒன்றுகூடக் கெடவில்லை.

நடுவில் வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்ரசர் வந்தது, இம்பாக்ட் கன் வந்தது. வீல் நட்டுக்கு அதைப் போல உதவி கிடையாது. ஆனால் மேனிஃபோல்ட் போல்ட்டில் அதை வைத்தால் கிரீச்சும் தெரியாது, மெத்தென்பதும் தெரியாது. எங்கள் பட்டறையில் அதிகமாக போல்ட் உடைந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு நானே அதை மேனிஃபோல்ட் பக்கம் கொண்டு போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது பட்டறை என்னுடையது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகள் வருகின்றன. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பார்ப்பதே ஒரு வேலை. கேபினைச் சாய்த்தால் முதலில் ஹீட் ஷீல்டு, அப்புறம் டர்போ, அதற்கு ஆயில் பைப்பும் தண்ணீர்க் குழாயும், சில வண்டிகளில் ஈஜிஆர் கூலர், வழியெங்கும் சென்சார் ஒயர்கள். அன்றைக்கு மூடியைத் திறந்தால் பத்து நிமிடத்தில் போல்ட்டில் கை வைக்கலாம், உடைந்ததை எடுக்கத்தான் நாள்கணக்கில் ஆகும். இன்றைக்கு உடைந்ததை அரை மணியில் எடுத்துவிடுகிறோம், அதைப் போய்ச் சேரத்தான் முழு நாள் வேண்டியிருக்கிறது. அவசரமும் வேறு மாதிரி. அன்றைய டிரைவர் இரண்டு ராத்திரி வண்டிக்கடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். இன்றைக்கு லோடோடு நிற்கும் வண்டிக்கு இ-வே பில் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. ஓனர் மணிக்கொரு தரம் போன் செய்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துரு போன் பேச்சுக்கு இளகுவதில்லை.

என்னிடம் ஐடிஐ முடித்த ஒரு தம்பி இருக்கிறான். இண்டக்‌ஷன் ஹீட்டர் வாங்கச் சொன்னது அவன்தான். சுருளைப் போல்ட் தலையில் மாட்டி பட்டனை அழுத்தினால், பக்கத்து ஒயர் பொசுங்காமல் போல்ட் மட்டும் அரை நிமிடத்தில் சிவந்துவிடும். அடுப்பு மாதிரி எரியும் கேஸ் டார்ச்சை நாங்கள் நீட்டிய காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை ரப்பர் குழாய் பிழைத்திருக்கும். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி இரண்டையும் கழற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவின் கனெக்டரையும் பிரித்து வைத்துவிட்டுத்தான் ஹோல்டரைத் தொடுவான். எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே, உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுவான். இதையெல்லாம் நான் அவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

போன வருடம் ஒரு வண்டி வந்தது. யாரோ ஏற்கெனவே வெல்டிங் முயன்றதில், கட்டை இன்னும் ஆழத்தில் உடைந்துபோயிருந்தது. டிரில் போட்டே ஆக வேண்டிய கட்டம். எனக்கு 1988 ஞாபகம் வந்துவிட்டது. தம்பி மேனிஃபோல்டை எடுத்து முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. லேத்துக்குப் போய் மேனிஃபோல்டின் போல்ட் ஓட்டையில் இறுக்கமாக உட்காரும் ஒரு புஷ் கடைந்து வந்தான், நடுவில் ஐந்து மில்லிமீட்டர் துளை. மேனிஃபோல்டை மற்ற போல்ட்டுகளில் பூட்டி, புஷ்ஷை வைத்து, இடது பக்கம் சுற்றும் டிரில் பிட்டை அதற்குள் விட்டான். பிட் நழுவ வழியே இல்லை. பாதி ஆழம் போனதும் பிட் இரும்பைக் கவ்வி, மிச்சக் கட்டையையே கழற்றிக்கொண்டு வெளியே வந்தது. அவன் அதைப் பிட்டோடு என் உள்ளங்கையில் வைத்தான். சுட்டது. நான் கீழே போடவில்லை.

"யாருடா சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"ஓட்டை போவக்கூடாதுன்னு நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க. அதான் யோசிச்சேன்" என்றான்.

பழைய போல்ட்டுகளில் நன்றாக இருந்தவற்றையும் திரும்பப் போட நான் விடுவதில்லை. வளைந்து நிமிர்ந்த இரும்பு அதை மறப்பதில்லை. புதிய, சூடு தாங்கும் போல்ட், மரையில் செம்புக் கிரீஸ், டார்க் ரெஞ்ச். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி. முடித்து ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் பக்கம் ஒருவரும் கியர்பாக்ஸ் பக்கம் ஒருவருமாக நின்று கேட்டோம். டிக் சத்தம் இல்லை.

முதல் டிரிப் முடிந்ததும் வண்டியை ஒரு தடவை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நான்காம் நாள் ஓசூரிலிருந்து திரும்பும் வழியில் டிரைவர் கொண்டுவந்தார். இன்ஜின் ஆறும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு நடு போல்ட்டிலிருந்து தொடங்கினான். பத்து போல்ட் அசையவில்லை. ஒன்றாம் சிலிண்டரின் முன் போல்ட் கொஞ்சம் இழுத்தது. ஆறாம் சிலிண்டரின் பின் போல்ட் அரைக்கால் சுற்று வாங்கி, கிளிக்கென்றது.