வாங்கிக் கட்டிக்கொள்வது எப்படி?

நகர் நலச்சங்கச் செயலாளர் பதவி உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? ஆவடிப் பக்கம் இரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டிய மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் சில யோசனைகள்.

முதலில், வாங்கப்போவதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்ளுங்கள். திட்டு என்றால் வலிக்கும். இங்கிலீஷில் ‘ஃபிளாக்’ என்றால் கொஞ்சம் கௌரவம். (கொடி இல்லை. ‘இன்னிக்கு செம ஃபிளாக்’ என்று வீட்டில் சொன்னபோது, ‘ஆகஸ்ட் 15க்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே’ என்றாள் மனைவி.) விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு ஜெர்மன்காரன் வைத்த நீளமான பெயரின் சுருக்கம் அது. இரண்டாம் உலகப் போரில் கீழிருந்து வந்த குண்டுக்கெல்லாம் விமானிகள் அப்படிச் சொன்னார்கள். பிறகு ஊர் வசவுக்கும் அதுவே பெயராயிற்று. ஆவடி என்ற பெயரும் ராணுவக் கிடங்கு ஒன்றின் ஆங்கிலச் சுருக்கம்தான் என்று இங்கே யாராவது அடித்துச் சொல்வார். மறுக்காதீர்கள். அதற்கும் வாங்க வேண்டிவரும்.

அந்தக் குண்டு விமானத்தின் மேல் பட்டே ஆகவேண்டும் என்பதில்லை. குறித்த உயரத்தில் வெடிக்கும், சில்லு பறக்கும், அந்தப் பக்கம் வந்தவன் மாட்டினான். நம் வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். பாதாளச் சாக்கடைக்கு வெட்டிய பள்ளம் மழையில் குளமாகிவிட்டது. வெட்டியது ஒப்பந்ததாரர். ஆனால் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு குட்மார்னிங் போட்டது நான்.

‘செயலாளர் தூங்குறாரா?’

‘முழிச்சிட்டுத்தான் இருக்கேன் சார்.’

‘அப்ப ஏன் வேலை நடக்கல?’

ஆகவே, பதில் போடாதீர்கள். ரோஜாவும் வேண்டாம்.

பொதுக்குழுவில் எங்கே உட்காருவது என்பது அடுத்தது. எங்கள் தெருவில் டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் சொல்லித் தந்த வித்தை: ‘டாங்கிக்கு முன்பக்கம்தான் சார் கவசம் தடிமன். பின்பக்கம் மெல்லிசு. எப்பவும் மூஞ்சியக் காட்டிட்டே இருங்க.’ ஒரே ஒருமுறை டீ குடிக்க எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டு வருடக் கணக்கையும் மறுதணிக்கை செய்யத் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

பொறுமைக்கு வெளியூர் போக வேண்டாம். ஆவடியிலேயே உருவான அர்ஜுன் டாங்கியைப் பாருங்கள். 1974இல் அனுமதி, ராணுவத்தின் கைக்கு வரத் தொடங்கியது 2004இல். இடைப்பட்ட முப்பது வருடமும் கனம் அதிகம், காலதாமதம், செலவு என்று பத்திரிகை, நாடாளுமன்றம், ராணுவம் என்று ஒன்று பாக்கியில்லாமல் வறுத்தெடுத்தன. 2010இல் ராஜஸ்தான் மணலில் ரஷ்ய டி-90க்குப் போட்டியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாய்கள் கொஞ்சம் மூடின. 2021இல் மேலும் 118 டாங்கிகளுக்கு ஆர்டர். அத்தனை வருடமும் அது யாருக்கும் பதில் போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இங்கிலீஷ் வசவு ஒத்துவராதவர்களுக்குத் தமிழிலும் ஆயுதச் சரக்கு உண்டு. ‘சரமாரியாகத் திட்டினார்’ என்று தினமும் படிக்கிறோமே, சரம் என்றால் அம்பு, மாரி என்றால் மழை. ஜெர்மன் பீரங்கிதான் வேண்டுமென்றால் ‘எம்டன்’ இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன கப்பல், நம் ஊரில் கில்லாடி மனுஷனுக்குப் பெயராகத் தங்கிவிட்டது. எங்கள் பொருளாளருக்கும் அதுதான் பட்டப்பெயர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத் தேர்தல். செயலாளர் பதவிக்கு இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்குத் தகுதி வந்துவிட்டது. ஆதார் நகலோடு வாருங்கள், முன்மொழிய நான் இருக்கிறேன்.