குறிப்பான குண்டு, குறிப்பற்ற குண்டு

2024 ஜூன் 18 அன்று நாட்டின் 41 விமான நிலையங்களுக்கு ஒரே மாதிரி வெடிகுண்டு மின்னஞ்சல் வந்தது. கோவை, பாட்னா, வடோதரா வரிசையில் ஜபல்பூருக்கும் ஒரு பிரதி. கல்யாணப் பத்திரிகையில்கூட ஆளுக்கு ஆள் பெயரை மாற்றி எழுதுவோம். இதை அனுப்பியவருக்கு அந்தப் பொறுமையும் இல்லை.

எது வந்தாலும் வெடிகுண்டு மிரட்டல் மதிப்பீட்டுக் குழு கூடியாக வேண்டும். விமானம், நேரம், இடம் என்று விவரம் இருந்தால் மிரட்டல் 'குறிப்பானது'. மொட்டையாக இருந்தால் 'குறிப்பற்றது'. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரிதான்: விரிவாக எழுதியவருக்கு மார்க் அதிகம். நிஜமாகவே குண்டு வைத்த சோம்பேறி ஒருவர் இரண்டு வரியில் முடித்துக்கொண்டால் ஃபெயில்.

டெல்லி, மும்பையில் குழு கூடுவது எளிது. நாளைக்கு நாலு விமானம் இறங்கும் நம் பக்கத்து ஊரில்? நிலைய மேலாளர் இருப்பார். விமான நிறுவனத்தின் சார்பில், காலையில் போர்டிங் பாஸ் கிழித்த அதே பையன் வருவான். மோப்ப நாய் டவுனிலிருந்து ஜீப்பில் கிளம்பியிருக்கும். வழியில் ரயில்வே கேட். அதற்குள் நாற்காலிக்கடியில் கேட்பாரற்ற மஞ்சள் பை ஒன்று கண்ணில் படும். எல்லோரும் பத்தடி தள்ளி நின்று அதன் நம்பகத்தன்மையை ஆராய்வார்கள். கழிப்பறையிலிருந்து ஈரக்கையை உதறிக்கொண்டு வரும் பெரியவர், "அதுல முறுக்குதாம்ப்பா இருக்கு" என்பார்.

அந்த வருஷம் நவம்பர் நடுப்பகுதிக்குள் விமான நிறுவனங்களுக்கு வந்த பொய் மிரட்டல்கள் ஆயிரத்தை நெருங்கிவிட்டன. நாய் மட்டும் ஒவ்வொன்றையும் நம்பி மோந்து பார்த்தது.