ஓதத்துக்கு ஊதியம் கிடையாது

நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் ஆறுகளுக்கு நடுவே கிடக்கிறது சுந்தரவனம். மேற்கு வங்கத்துப் பக்கம் மட்டும் 102 தீவுகள். 54 தீவுகளில் மனிதர்கள், மற்றவற்றில் காடும் புலியும். புலியைப் பார்த்துக்கொள்ள வனத்துறை இருக்கிறது, மாதச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். மனிதர்களைப் பார்த்துக்கொள்ள ஆஷா தீதி, அதாவது ஆஷா அக்கா, இருக்கிறார்.

ஆஷா என்றால் நம்பிக்கை. 2005-ல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தொடங்கியபோது, ஊரின் உடல்நலம் பார்க்க ஆயிரம் பேருக்கு ஒருத்தி என்று டெல்லி கணக்குப் போட்டுப் படைத்த பெண். அவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். மணமானவராகவோ விதவையாகவோ மணமுறிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். கன்னிப்பெண் என்றால் வாக்கப்பட்டு வேறூர் போய்விடுவாளாம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு துருவுவதில்லை. துருவித் துருவிக் கேட்ட அரசாங்கம் சம்பளப் பேச்சு வந்ததும் ஊமையாகிவிட்டது. காரணம், அவர் பணியாளர் அல்லர், தன்னார்வலர். நாடாளுமன்றத்தில் யார் எப்போது கேட்டாலும் அமைச்சகத்தின் பதில் இதுதான்.

என்ன அருமையான சொல்! வாய் திறந்து கூலி கேட்டால், ஆர்வம் வற்றிவிட்டது என்று பொருள். புயல் ஓய்ந்த பிறகு கொல்கத்தாவிலிருந்து ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு வந்து, அரிசிப் பையோடு படம் பிடித்துக்கொண்டு, மாலைப் படகில் திரும்புகிறவரும் தன்னார்வலர்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அரிசி அரிசிதான். ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு படகு இருக்கிறது.

சம்பளம்தான் இல்லையே தவிர, பேருக்கு ஒரு மாதத்தொகை உண்டு. மாநிலங்கள் தம் பங்குக்கு மதிப்பூதியம் என்று கொஞ்சம் போடுகின்றன. மீதிக்கு ஒரு விலைப்பட்டியல். மூன்று ஆணுறை கொண்ட பொட்டலத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் 1 ரூபாய். அதையும் வாங்குகிறவரிடமே கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஊர் மருமகள்தான் வேண்டும் என்று பொறுக்கி எடுத்தார்களே, அந்த மருமகள் கொழுந்தன் முறைக்காரரிடம் ஆணுறையைக் கொடுத்துவிட்டு ஒரு ரூபாய்க்குக் கையை நீட்டி நிற்க வேண்டும். ஒரு வயதுக்குள் பிள்ளைக்கு எல்லாத் தடுப்பூசியும் போட வைத்தால் 100. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாள்களில் வீடு தேடிப் போய்ப் பார்த்தால் 250. ஆறால் வகுத்துப் பாருங்கள்: நடைக்கு 41 ரூபாய் 66 காசு. அதுவும் 42-ம் நாளில் தாயும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள்வரை நடந்து, அதன் பிறகு பிள்ளை போய்விட்டால் நடந்த நடையும் கூடவே போய்விட்டது. தாய் இறந்தாலும் பட்டியலில் இடம் இருக்கிறது: 24 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் 200. கணக்கெழுதியவர் எதையும் மறக்கவில்லை.

ஆற்றை மட்டும் மறந்துவிட்டார்.

நள்ளிரவில் ஒருத்திக்கு வலி எடுக்கிறது. வற்று நேரம். படித்துறைக்கும் தண்ணீருக்கும் நடுவே முழங்கால் புதையும் சேறு. ‘போட்போட்டி’ என்று அவர்கள் சொல்லும் மோட்டார் படகுக்காரரைத் தட்டி எழுப்ப வேண்டும், டீசலுக்குப் பணம் புரட்ட வேண்டும், மாமியாரைச் சமாதானம் செய்ய வேண்டும், வலியில் துடிப்பவளைச் சேற்றில் தாங்கிப் பிடித்து நடத்த வேண்டும். ஓதம் ஏறட்டும் என்று படகு தரையில் சாய்ந்து கிடக்கும். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, சந்திரனைக் கேட்டால்தான் தெரியும். பிறகு கோசாபா ஆஸ்பத்திரி; சிக்கல் என்றால் இன்னும் ஒரு துறை தாண்டி கேனிங். ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு வழிசெய்ததற்கு 300 ரூபாய். நட்டாற்றில் படகிலேயே தலைகாட்டி, விதிமுறை தெரியாத பிள்ளை பிறந்துவைத்தால், அந்தப் படகு ஆஸ்பத்திரியா இல்லையா என்று கோப்பு எழுதிக் கேட்க வேண்டியதுதான்.

மரியாதைக்குக் குறைவில்லை. 2020 மே 3-ம் தேதி கொரோனாப் பணியாளர்களைப் பாராட்டி ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூத்தூவின. பதினேழு நாள் கழித்துத் தீவுக்கு வந்தது அம்பன் புயல். கரை உடைந்து உப்புத்தண்ணீர் வயலிலும் குளத்திலும் நின்றது. தீதியும் அதே தண்ணீரில் நின்றுகொண்டு காய்ச்சல் கணக்கெடுத்தார். கொரோனா வேலைக்குக் கூடுதலாக மாதம் 1,000 ரூபாய். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. பத்து லட்சம் பெண்களுக்கு ஒரு விருது. ஆளுக்கு எத்தனை கிராம் வரும் என்று கேட்பது அநாகரிகம். இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் கொடுங்கள் என்று 2013-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அந்தப் பிள்ளை பிறந்ததோடு சரி, இன்னும் அழவில்லை.

மாநிலம் மாறினால் விடியும் என்று நினைப்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள் அங்கத்து ஆஷாக்கள். மாதம் 21,000 கேட்டார்கள். ஐம்பதாம் நாள் தலைமுடியை வெட்டிப் போட்டார்கள். எட்டு மாதத்துக்கு மேல் வெயிலும் மழையும் தின்ற பிறகு 7,000 என்பது 8,000 ஆயிற்று. ஆண்டது தொழிலாளர் கட்சிதான். இவர்கள்தான் தொழிலாளர் இல்லையே!

மத்திய அரசின் நிலையான மாதத்தொகை 2018-ல் 2,000 ஆனது. அதை 3,500 ஆக்க முடிவெடுத்தது 2025 மார்ச்சில். அதே மார்ச்சில் நாட்டுக்கு உழைக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உயர்வு அறிவித்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளம் 1 லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது. 2023 ஏப்ரலிலிருந்தே முன்தேதியிட்டு. தினப்படி 2,000-லிருந்து 2,500 ஆனது. தீதி ஏழு வருடம் மாதம் முழுவதற்கும் வாங்கிய தொகை, அவர்களுக்கு ஒரு நாள் படி. விலைவாசி ஏறிவிட்டதாம். தீவில் விலைவாசி ஏறாதுபோலும், ஓதம் மட்டும்தான் ஏறும்.

எனக்கொரு யோசனை. மக்கள் சேவை, மக்கள் சேவை என்று மேடைக்கு மேடை சொல்பவர்களின் வாயை நம்புவோம். அவர்களுடைய ஆர்வத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. சேவை செய்ய இடம் கிடைப்பதற்கே கோடிகோடியாய்க் கொட்டுகிறார்கள். ஆகவே சம்பளம் என்ற சொல்லால் அவர்களைக் கொச்சைப்படுத்த வேண்டாம். கேள்வி ஒன்றுக்கு 1 ரூபாய். அதைப் பதில் சொல்லும் அமைச்சரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மசோதா ஒன்றுக்கு 250. நிறைவேறி 42-ம் நாள் சட்டமும் நலம், ஜனங்களும் நலம் என்று ஊர்க்காரர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டுவாடா. ஏதாவது பாலம் இடிந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல 200. வருடத்துக்கு ஒரு முறை பூ.

நாடாளுமன்றத்தைச் சுற்றி ஓர் ஆறு வெட்டிவிடுவோம். வற்று நேரத்தில் முழங்கால் சேறு இருக்கும். படகு, ஓதம் ஏறினால் வரும். அதுவரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கிற நேரம் இருக்கிறதே, அதற்குப் பட்டியலில் வரி கிடையாது. அது ஆர்வம்.