களிமண் பள்ளிக்கூடம்

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெசபடோமியா என்றாலே கொட்டாவி வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அடியிலிருந்து தொடங்குங்கள்! மெசபடோமியாவில் வாழ்ந்த சுமேரியர்களின் பள்ளிக்கு ‘பலகை வீடு’ என்று பெயர். பலகை என்றால் களிமண் பலகை. அங்கே படித்த ஒரு பையனின் கதை ஏறத்தாழ 4,000 ஆண்டுகளாகப் பிழைத்திருக்கிறது. பேசியதற்கு அடி, கையெழுத்து சரியில்லை என்று அடி. பொறுக்க முடியாத பையன், வாத்தியாரை வீட்டுக்கு அழைக்கும்படி அப்பாவிடம் சொல்கிறான். அப்பா விருந்து வைத்து, புத்தாடை கொடுத்து, மோதிரமும் போட்டுவிடுகிறார். அப்புறம் ஒரே பாராட்டு மழைதான்!

வகுப்பு சிரித்து முடித்ததும் ஆளுக்கு ஓர் உருண்டைக் களிமண்ணும் ஒரு ஐஸ் குச்சியும் கொடுங்கள். சுமேரியர்கள் எழுதியதுபோல ஆப்பு வடிவத்தில் அழுத்திப் பார்க்கட்டும். யூப்ரடீஸ், டைகிரிஸ் நதிகளின் வண்டல் அந்த மக்களுக்கு ஏன் நோட்டுப் புத்தகமானது என்பது விரல்களுக்கே விளங்கிவிடும். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதெல்லாம் பிறகு.