வெள்ளகோவிலில் காணாமற்போன ககர ஒற்று: ஒரு முதற்கட்ட ஆய்வு

கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளகோவிலைக் கடக்கிறவர்கள் விசைத்தறிச் சத்தம் கேட்கிறார்கள், எண்ணெய் ஆலை வாசம் பிடிக்கிறார்கள், முருங்கைக்காய் மூட்டைகளை வேடிக்கை பார்க்கிறார்கள். ஊர்ப்பெயரில் 'ள்ள'வுக்கும் 'கோ'வுக்கும் நடுவே ஓர் எழுத்து இல்லை என்பதை மட்டும் ஒருவரும் கவனிப்பதில்லை. யாரும் கவனிக்காததைப் பற்றி எழுதினால்தான் முனைவர் பட்டம் கிடைக்கும் என்றிருக்க, இதை ஆய்வுலகம் எப்படிக் கோட்டை விட்டது என்று தெரியவில்லை.

ஆய்வு முறை எளியது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்க வேண்டும், பலகைகளைப் படிக்க வேண்டும், 'ச்சூ' கொட்ட வேண்டும். கொட்டும்போது பக்கத்தில் ஆள் இருப்பது கட்டாயம். தனியாக நின்று பிழை கண்டு மகிழ்ந்த தமிழறிஞர் எவரும் இல்லை.

கிடைத்த பிழைகளின் வகைகள் வருமாறு. 'எண்ணை': எள்ளின் நெய்தான் எண்ணெய், தேங்காய் ஆட்டும் ஊரில் போய் அதை விளக்கினால் அடி விழும் என்பதால் விட்டுவிட்டோம். 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்': எழுதியிருப்பது சுவரில். துதிக்கை வைத்த பழைய 'லை': ஈரோட்டுப் பெரியார் சொல்லி, 1978இல் அரசு நீக்கியது, இது பிழையில் சேராது, தொல்லியலில் சேரும். கோவிலா, கோயிலா: உள்ளே போன ஆய்வாளர்கள் இன்னும் வெளியே வரவில்லை.

'வருக! வருக!! வருக!!!' தனியே நோக்கத்தக்கது. ஓலைச்சுவடியில் காற்புள்ளிக்கே வழியில்லை. தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பரப்பிய பெருமை ஆறுமுக நாவலருக்கு (1822–1879) உரியது என்பார்கள். அவர் சிக்கனமாகக் கொண்டுவந்து சேர்த்ததை நாம் காதுகுத்து ஃபிளெக்ஸில் மொத்தமாகச் செலவழிக்கிறோம். முதல் வருகவுக்கு வருகிறவர் பந்தியில் உட்காருகிறார். மொய் எழுதுகிறவர் மூன்றாம் வருகவுக்குத்தான் வருகிறார் என்பது நம் துணிபு (ஆதாரம்: டீக்கடை பெஞ்சு, மேற்கு ஓரம்).

இனி ககர ஒற்று. இதில் மூன்று கட்சிகள் உண்டு. வெள்ளை என்னும் பண்பும் கோவிலும் சேர்ந்தது, ஆகவே ஒற்று மிகும் என்பது முதல் கட்சி (டீக்கடை பெஞ்சு, மேலது). வெள்ளம் கோவிலோடு புணர, மரக்கிளையில் போல மகரம் கெட்டு ஒற்று மிகும் என்பது இரண்டாம் கட்சி (மேலது, ஆனால் சொன்னவர் மறுநாள் மறுத்துவிட்டார்). மூன்றாம் கட்சி அபாயகரமானது. செடிகொடி போல இது உம்மைத்தொகை, 'வெள்ளமும் கோவிலும்' என்று விரியும், ஆகவே ஒற்று மிகாது என்கிறது (ஆதாரம்: கரூர் பஸ்ஸின் பின்கண்ணாடித் தூசியில் விரலால் எழுதியது, மழைக்கு முந்தைய பதிப்பு. மழைக்குப் பிந்தைய பதிப்பில் இவ்வரி இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துக்கொண்டிருந்தவர், பஸ் கிளம்பிவிட்டதால் முன்னுரையை மட்டும் வெளியிட்டார்).

கோவில் சரி; வீரக்குமார சுவாமிக்கு மாசியில் தேரே ஓடுகிறது. வெள்ளத்துக்கு எங்கே போவது? பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தின் (பி.ஏ.பி.) வாய்க்காலில் இந்தக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதே பெரும்பாடு.

நன்னூலைப் புரட்டலாமே என்பீர்கள். அதை எழுதிய பவணந்தியார் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டவரும், இல்லை, மைசூர்ப் பக்கம் என்று வேறு சிலரும் வாதிட்டுவருகிறார்கள். அவர் எந்த ஊர் என்று எழுதிய அளவுக்கு அவர் என்ன சொன்னார் என்று படித்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலையில்லை.

பலகை எழுதுகிறவரையே கேட்டோம். "ஏனுங் சார், அந்த 'இக்'கு வெச்சா மாப்பிள்ளையோட மாமா போட்டோவுக்கு எடம் பத்தாதுங்க. அவருதானுங்க காசு குடுக்கறாரு" என்றார். தொல்காப்பியம் முதலாக எந்த இலக்கண நூலும் மாமா போட்டோவை ஒற்று மிகா இடங்களில் சேர்க்கவில்லை. இது நம் கண்டுபிடிப்பு.

அப்படியானால் அந்த ஒற்று எங்கே போயிற்று? ஒற்று அழிவதில்லை, இடம் மாறுகிறது. றகர ஒற்றை அடுத்து இன்னோர் ஒற்று வராது என்பது விதி. நம் தட்டச்சு நிலையங்களோ 'பயிற்ச்சி' தருகின்றன, வீட்டுமனைகள் 'விற்ப்பனைக்கு' வருகின்றன, மனுக்கள் 'அதற்க்கு' என்று இழுக்கின்றன. வேண்டாத இடத்தில் தேங்கி நிற்கிற இந்த உபரிதான் கடைமடையில் பற்றாக்குறையாகிறது. மேல்மடையில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் வெள்ளகோவிலுக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே நம் பரிந்துரை: பி.ஏ.பி. ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல ஒற்றுகளையும் திருமூர்த்தி அணையிலிருந்தே முறைவைத்து விட வேண்டும். மேலே எவரும் 'அதற்க்கு' என்று எழுதி மடையை உடைத்துவிடாமல் பார்க்க ஒரு கண்காணிப்புக்குழு தேவை. கண்காணிப்புக்குழுவா, கண்காணிப்புக் குழுவா என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழுவும் தேவை. பயணப்படி உண்டு.