சீசன்

நுவரெலியாவில் மழையும் பனியும் தாமாக வந்து போகும். ‘சீசன்’ மட்டும் ஏப்ரலில் கொழும்பு வாகனங்களில் வந்து இறங்கும். குதிரைப் பந்தயம், விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, கிரகரி ஏரியில் படகு. அறை வாடகையோ 2,524 மீட்டர் பிதுருதலாகலையை ஒரே மூச்சில் ஏறிவிடும்.

நானுஓயாவில் ரயிலேறும் குமாஸ்தாவைக் கேட்டால், சீசன் சட்டைப்பையில் இருக்கிறது என்பார். மாதாந்தப் பயணச்சீட்டு, தேதி முடிந்தால் அதுவும் முடிந்தது.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்கு வேறு சீசன்: ஜனவரி முதல் மார்ச் வரை. காய்ந்த காற்றும் குளிர்ந்த இரவும் சேர்ந்து தேயிலைக்கு மணம் ஏற்றும். கொழும்பு ஏலத்தில் நல்ல விலை. அதே வறட்சியில் கொழுந்து அதிகம் வராது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். ஆக, கம்பனிக்குத் தரம் கூடும் சீசனில்தான் கூடைக்குக் கனம் குறையும். மணத்துக்கு அரைப்பேராவது போட இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

படமெடுக்க வந்த கொழும்புக்காரர் கொழுந்தெடுக்கும் அக்காவிடம் கேட்டாராம்: “சீசனுக்கு நீங்க எங்க போவீங்க?”

“மலைக்குத்தாங்க ஐயா.”

“அடடா, எந்த மலை?”

“ஆறாம் நம்பர் கொழுந்து மலை.”