நாலில் ஒன்று போச்சு: கேள்வி பதில்

கேள்வி: கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். லினக்ஸ் பெட்டியில் நாலு 8 டிபி டிஸ்க், சாஃப்ட்வேர் ரெய்ட் 5. நேற்று ஒரு டிஸ்க் கண்ணை மூடிவிட்டது. எல்லா வீடியோவும் போச்சா?
– ஸ்டுடியோக்காரர்

பதில்: டிஸ்க்தான் போச்சு. வீடியோ இருக்கிறது.

உங்களுக்குப் பழக்கமான மொய் நோட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், கீழே மொத்தம் 1,703 ரூபாய். நடுவில் ஒரு தொகைமேல் சாம்பார் கொட்டிவிட்டது. மற்ற இரண்டும் 501, 1,001 என்றால் கொட்டிய இடத்தில் 201 என்று சொல்ல ஆடிட்டர் தேவையில்லை. ரெய்ட் 5 செய்வதும் இதுதான். கூட்டலுக்குப் பதில் எக்ஸ்ஆர் என்ற பிட் கணக்கு, அவ்வளவே. மொத்தத் தொகை ஒரே டிஸ்க்கில் உட்கார்ந்திருக்காது, நாலிலும் மாறி மாறி எழுதப்படும். அதனால் எது போனாலும் மிச்ச மூன்றை வைத்து மீட்டுவிடலாம். இன்னொன்றும் போனால் இரண்டு இடத்தில் சாம்பார். அப்புறம் கணக்கு தீராது.

கேள்வி: புது டிஸ்க் மேஜைமேல் தயாராக இருக்கிறது. செருகிவிடட்டுமா?
– அதே ஸ்டுடியோக்காரர்

பதில்: கை அரிப்பைக் கொஞ்சம் அடக்குங்கள். போனதைக் கணக்குப் போட்டுப் புது டிஸ்க்கில் எழுதும் ரீபில்ட் தொடங்கினால் மிச்ச மூன்று டிஸ்க்கும் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை மூச்சுவிடாமல் ஓட வேண்டும். நாலையும் ஒரே நாளில் ஒரே கடையில்தானே வாங்கினீர்கள்? அப்படியானால் செத்த டிஸ்க்கின் வயதுதான் மற்ற மூன்றுக்கும். ஆகவே முதல் வேலை, இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணங்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுப்பது. (டெலிவரி கொடுத்தது எப்படியும் யாராவது ஒரு சித்தப்பாவின் பென் டிரைவில் கிடைக்கும்.)

அடுத்து, எந்த டிஸ்க் என்பதில் சந்தேகம் கூடாது. எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் வைக்கும் பெயர்கள் ரீபூட் செய்தால் இடம் மாறக்கூடியவை. 'இடது பக்கத்திலிருந்து இரண்டாவது' என்று குத்துமதிப்பாக உருவாதீர்கள். சீரியல் நம்பரைப் பாருங்கள். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி காட்டும், டிஸ்க்கின் லேபிளிலும் இருக்கும். செத்த டிஸ்க் சில சமயம் நம்பரைச் சொல்லக்கூட மறுக்கும். அப்போது உயிரோடிருக்கும் மூன்றின் நம்பர்களை எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் சேராததுதான் ஆள்.

பிறகு எம்டிஏடிஎம். நீல் பிரவுன் என்ற ஆஸ்திரேலியர் எழுதிய கருவி. பெயருக்குள் ஏடிஎம் இருந்தாலும் பணம் வராது. கெட்ட டிஸ்க்கை 'ஃபெயில்', பிறகு 'ரிமூவ்'. பெட்டியை அணைத்து டிஸ்க்கை மாற்றி, புதியதை 'ஆட்'. ரீபில்டைத் தனியாகத் தொடங்க வேண்டாம், அதுவே கிளம்பிவிடும். எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் நாலு 'யூ' இருந்த இடத்தில் மூன்று 'யூ'வும் ஓர் அடிக்கோடும் தெரியும். அந்தக் கோடு 'யூ' ஆகிற வரை எடிட்டிங்கை ஒத்திப்போடுங்கள்.

கேள்வி: அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டேன். டிஸ்க்குகள் சேர்ந்த அரே மொத்தமாக நின்றுவிட்டது. 'கிரியேட்' கொடுத்தால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார்.
– கை நடுங்குபவர்

பதில்: நண்பரிடம் காபி வாங்கிக் குடியுங்கள், யோசனை வாங்காதீர்கள். கிரியேட் என்பது புது அரே கட்டுகிற கட்டளை. டிஸ்க் வரிசையோ சங்க் (எழுதும் துண்டு) அளவோ பிசகினால் பழைய குறிப்புகளின்மேல் புதியதை எழுதி, தப்பான கணக்கை வீடியோவின்மேலும் எழுதிவிடும். உருவியதைத் திரும்பச் செருகி 'அசெம்பிள்' கொடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும், அரேயின் மாற்றங்களை எதுவரை பார்த்தது என்று காட்டும் ஈவென்ட் எண் ஒன்று இருக்கும். அதில் சொற்ப வித்தியாசம்தான் என்றால் கூடவே 'ஃபோர்ஸ்' சேர்த்தால் பெரும்பாலும் எழுந்து உட்காரும்.

கேள்வி: இவர் சாப்பிடக்கூட வராமல் திரையில் சதவீதத்தையே வெறிக்கிறார். எப்போது முடியும்?
– ஸ்டுடியோக்காரரின் மனைவி

பதில்: 8 டிபி, நொடிக்குச் சராசரி 150 எம்பி என்றால் சுமார் 15 மணி நேரம். வெறித்தால் வேகம் கூடாது, யாராவது அதே பெட்டியிலிருந்து சினிமா பார்த்தால் குறையும். மற்ற வேலை வந்தால் ரீபில்ட் ஒதுங்கி வழிவிடும். நொடிக்குக் குறைந்தது 1,000 கேபி, அதிகபட்சம் 2,00,000 கேபி என்பது லினக்ஸ் வைத்திருக்கும் எல்லை. குறைந்தபட்சத்தை உயர்த்தலாம் என்று அவரிடம் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு.

கேள்வி: ரீபில்டுக்கு நல்ல நேரம் பார்க்கலாமா?
– பஞ்சாங்கப் பிரியர்

பதில்: தாராளமாக. வெள்ளிக்கிழமை எமகண்டம் மாலை 4.30க்கு முடிகிறது. அடுத்த ராகு காலம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு. நடுவில் பதினாறரை மணி நேரம், 8 டிபிக்குக் கச்சிதம். ஒரே சிக்கல், சனி காலை 6 முதல் 7.30 வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்ப நடக்குமாம். ரீபில்ட் திரும்ப நடப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

கேள்வி: பாதி ரீபில்டில் இரண்டாவது டிஸ்க்கும் வெளியேற்றப்பட்டது. தனியாகப் போட்டுப் பார்த்தால் நன்றாக ஓடுகிறதே!
– குழம்பியவர்

பதில்: அது சாகவில்லை, பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. வீட்டு உபயோக டிஸ்க்குக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு செக்டார் படிக்க வராவிட்டால் ஒரு நிமிடத்துக்கும் மேலாக முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸோ 30 நொடிதான் பொறுக்கும், பிறகு ஆள் அவுட் என்று முடிவுகட்டிவிடும். ரெய்டுக்கென்றே விற்கும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் 'முடியவில்லை' என்று ஒப்புக்கொள்ளும். உங்கள் டிஸ்க்கிலும் இப்படிச் சீக்கிரம் கைவிட வைக்கும் எஸ்சிடி இஆர்சி வசதி இருந்தால் ஸ்மார்ட்சிடிஎல் மூலம் 7 நொடி வையுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸின் பொறுமையை 180 நொடிக்கு ஏற்றுங்கள்.

இப்படிப் படிக்க வராத செக்டார் உங்களிடம் இருக்காது என்று நம்பாதீர்கள். பல சாதாரண டிஸ்க்குகளின் விவரக்குறிப்பு 12.5 டிபி படித்தால் ஒரு பிழை வரலாம் என்கிற அளவுக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. மூன்று 8 டிபி டிஸ்க்கைப் படித்தால் 24. நிஜத்தில் டிஸ்க்குகள் காகிதத்தைவிட நல்லவைதான், ஆனாலும் ரீபில்ட் அன்றா சோதித்துப் பார்ப்பது? டெபியன் லினக்ஸ் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் முழு அரேயையும் தானே படித்துப் பார்க்கும். சத்தமாக இருக்கிறது என்று அதை நிறுத்தி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: கொஞ்சம் மலிவாக ஒரு டிஸ்க் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: எஸ்எம்ஆர் வகையா என்று கேளுங்கள். ஓட்டு வேய்ந்த மாதிரி தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை அது. ரீபில்ட் போன்ற நீண்ட எழுத்தில் மணிக்கணக்கு நாள்கணக்காகிவிடலாம். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் இந்த வகைதான் என்று ஒப்புக்கொண்டது, வாங்கியவர்கள் கண்டுபிடித்த பிறகு.

கேள்வி: ரெய்ட் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

பதில்: நீங்கள் தப்பாக 'டெலீட்' அடித்தால் நாலு டிஸ்க்கும் ஒற்றுமையாக அழிக்கும் என்பதற்கு. 1998இல் பிக்சாரில் ஒரு கட்டளை 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதியை அழித்தது. பேக்கப்பும் காலை வாரியது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் நகல் இருந்ததால் படம் பிழைத்தது. உங்கள் ஸ்டுடியோவில் கைக்குழந்தைக்காரர் யார்?

கேள்வி: பழைய டிஸ்க்கை எடைக்குப் போடலாமா?

பதில்: ரீபில்ட் முடிந்து, ஒரு முழுச் சோதனையும் ஓடி முடிகிற வரை வேண்டாம். நடுவில் இன்னொன்று படுத்தால் இந்த அரைகுறையிலிருந்துதான் ஏதாவது சுரண்ட வேண்டியிருக்கும். பிறகும் அப்படியே கொடுக்காதீர்கள். எம்டிஏடிஎம் வழக்கமாக 512 கேபி துண்டுகளாக எழுதுவதால் சின்னக் கோப்புகள் ஒரே டிஸ்க்கில் முழுசாகக் கிடக்கும், உங்கள் வரவு செலவுக் கணக்கு உட்பட. டிரில்லால் நாலு ஓட்டை போட்டுக் கொடுங்கள். காயலான் கடைக்காரர் எடையைத்தான் பார்ப்பார்.